முகவரி ஆள் ஆகாது

மலேசியாவின் ஜார்ஜ் டவுன் நகரில், லிட்டில் இந்தியாவின் நாசி கண்டார் கடைகளில் மதிய வேளையில் உட்கார இடம் கிடைப்பதில்லை. சாப்பிட வந்தவர்களில் பலருடைய கைப்பேசிகள் கடையின் வைஃபையில் இருக்கும். வெளியுலகின் கண்ணுக்கு அத்தனை கைப்பேசிகளும் ஒரே ஐ.பி. முகவரிதான். அவர்களில் ஒருவர் அவதூறு எழுதிவிட்டுப் போனால், முகவரியைப் பிடித்து வருகிறவர்கள் நிற்பது கடைக்காரரின் கல்லாவுக்கு முன்னால்.

ஐ.பி. கிடைத்தால் ஆள் கிடைத்ததாகவே பலரும் நம்புகிறார்கள். மலேசியாவில் இந்த நம்பிக்கை சட்டத்திலேயே ஏறிவிட்டது. 2012 ஜூலை 31இல் நடப்புக்கு வந்த சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு, ஒரு பதிவு எந்த இணைப்பிலிருந்து கிளம்பியதோ அதன் சந்தாதாரரே அதை வெளியிட்டவர் என்று அனுமானிக்கச் சொல்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் பாரம் அவர் தலையில். அதே ஆண்டு ஆகஸ்ட் 14இல் இதை எதிர்த்துப் பல இணையதளங்கள் இருட்டடிப்புப் போராட்டம் நடத்தின. பிரிவு அசையவில்லை.

கோளாறின் வேர் 1981இல் வகுக்கப்பட்ட இணைய நெறிமுறையில் (ஐ.பி.) இருக்கிறது. ‘எங்கே இருக்கிறது’, ‘எது’ என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே எண் பதிலாக்கப்பட்டது. கணினிகள் இடம்பெயராத காலத்தில் அது உறுத்தவில்லை. இன்று கடையைவிட்டுத் தெருவில் இறங்கியதும் கைப்பேசி வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்குத் தாவுகிறது. முகவரி மாறிவிடுகிறது; கைப்பேசியும் அதை வைத்திருப்பவரும் அதேதான். அந்த நெறிமுறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள் என்பதால், தொலைபேசி நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன.

பொறியாளர்கள் இந்த முடிச்சை எப்போதோ அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்கள். 2006இல் ஆவணமான ஹோஸ்ட் ஐடென்டிட்டி புரோட்டோகாலில் கருவிக்கு அடையாளம் ஒரு மறையீட்டுச் சாவி. முகவரி இடத்தை மட்டுமே சொல்லும். 2021இல் தரநிலையான குவிக் நெறிமுறை, முகவரி மாறினாலும் தொடர்பு அறாமலிருக்கத் தனி எண் வைத்திருக்கிறது. இணைய நெறிமுறையின் புதிய பதிப்பான ஐபிவி6இல் முகவரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் தனியுரிமைக்காகக் கருவியே முகவரியை அடிக்கடி மாற்றிக்கொள்ளும் வழி 2001 முதல் அதில் உண்டு.

முகவரியே ஆள் என்ற நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துப் பண்ணை வீடு ஒன்று அனுபவித்தது. இடம் தெரியாத 60 கோடிக்கும் மேற்பட்ட ஐ.பி. முகவரிகளை ஒரு தரவு நிறுவனம் அங்கே குறித்து வைத்திருந்தது. செய்யாத குற்றங்களுக்காகப் போலீசார் ஆண்டுக்கணக்கில் அந்த வாசலுக்கு வந்துபோனார்கள். 2016இல்தான் காரணம் வெளிப்பட்டது.

முகவரி ஒரு துப்பு. விசாரணை அதிலிருந்து தொடங்கலாம்; தீர்ப்பு அதில் முடியக் கூடாது. எழுதியது யார் என்று நிரூபிக்க வேண்டியவர் குற்றம் சாட்டுகிறவர்தான். வைஃபைக்குக் கட்டணம் கட்டிய ஒரே காரணத்துக்காகக் கடைக்காரரையே பதிவை வெளியிட்டவராக அனுமானிக்கும் 114ஏ பிரிவை நாடாளுமன்றம் நீக்க வேண்டும்.