எழுவாய் எது என்று கேட்கும் கம்பைலர்

ஜாவா ஆய்வக வகுப்புகளில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. முழு எண்களின் பட்டியலைச் சரங்களாக மாற்ற, ஸ்ட்ரீமின் மேப் மெத்தடுக்குள் ‘இன்டிஜர்::டுஸ்ட்ரிங்’ என்று மாணவர் எழுதுகிறார். கம்பைலர் மறுக்கிறது. “லாம்டாவாக மாற்றிவிடு” என்கிறார் அருகிலிருப்பவர். மாற்றியதும் நிரல் ஓடுகிறது. பதிவேட்டில் கையொப்பமும் விழுகிறது. பிழை ஏன் வந்தது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

இன்டிஜர் கிளாஸில் டுஸ்ட்ரிங் என்ற பெயருடைய மெத்தட்களுள் இரண்டு இங்கே பொருந்துகின்றன. ஒன்று, எண்ணை உள்ளீடாகப் பெறும் ஸ்டாட்டிக் மெத்தட். மற்றொன்று, உள்ளீடு எதுவும் வேண்டாது எண்ணே தன்னைச் சரமாக்கித் தருவது. முன்னதில் எண் செயப்படுபொருள். பின்னதில் அதுவே எழுவாய். 2014இல் ஜாவா 8 கொண்டுவந்த மெத்தட் ரெஃபரன்ஸ், இவ்வேறுபாட்டைக் காட்டும் உறுப்பைத் தொகவிடுகிறது. தொல்காப்பியம் ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்று சுட்டும் இடத்துக்கு இது மிக நெருக்கமானது. ‘புலிகொல் யானை’ என்றால் கொன்றது எது? மனிதர் சூழல்கொண்டு ஊகிப்பர்; கம்பைலர் ஊகிக்க மறுக்கிறது. அம்மறுப்பைக் குறையென்பது பொருந்தாது.

சூழல் மாறினால் அதே தொடர் தெளிவடையும். இன்ட்ஸ்ட்ரீமின் மேப்டுஆப்ஜ் மெத்தடுக்குள் ‘இன்டிஜர்::டுஸ்ட்ரிங்’ பிழையின்றி ஏற்கப்படுகிறது. அங்கே வருவது வெறும் இன்ட். ஆப்ஜெக்ட் அன்று என்பதால் எழுவாயாக நிற்க அதனால் இயலாது. பட்டியலுக்கோ ‘ஆப்ஜெக்ட்::டுஸ்ட்ரிங்’ என்றெழுதினால் போதும். அந்த கிளாஸில் ஸ்டாட்டிக் வடிவம் இல்லை. லாம்டாவும் தீர்வே, எழுவாயை அது வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது.

பழியில் ஒரு பங்கு பிழைச்செய்திக்கும் உரியது. மேப் ஒரு ஜெனரிக் மெத்தட் என்பதால், ‘ஆர்’ என்னும் டைப்பை உய்த்துணர இயலவில்லை என்றே செய்தி தொடங்குகிறது. இரண்டு மெத்தட்கள் பொருந்துகின்றன என்ற உண்மைக் காரணம் கடைசியில்தான் வருகிறது. முதல் வரியோடு நிறுத்திவிடும் மாணவர் ஜெனரிக்ஸில் தவறு தேடி அலைகிறார். (வினைமுற்றுக்காக வாக்கிய இறுதிவரை காத்திருக்கப் பழகிய தமிழ் மாணவருக்கு இது புதிதாக இருக்கக் கூடாது.)

செய்முறைத் தேர்வின் வாய்மொழிப் பகுதியில் “மெத்தட் ரெஃபரன்ஸ் என்றால் என்ன?” என்ற கேள்விக்கு மனப்பாடமான விடை எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது. அதற்குப் பதிலாக இப்பிழைச்செய்தி அச்சிட்ட தாளொன்றைக் கையில் கொடுத்து, “இங்கே எழுவாய் எது?” என்று தேர்வாளர் கேட்கலாம்.