முரட்டுப் பிள்ளையா? பயந்த பிள்ளையா?

பட்டாசு வெடித்தால் பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

அமெரிக்காவில், சிகாகோ நகரின் சில பகுதிகளில், வெடிச் சத்தம் கேட்டதும் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. அது பட்டாசா, துப்பாக்கியா? அவர்களுக்குத் தெரியாது!

சிகாகோ செல்வம் கொழிக்கும் நகரம். ஏரிக்கரையில் வானளாவிய மாளிகைகள். ஆனால், தெற்கிலும் மேற்கிலும் வறுமை வாட்டும் குடியிருப்புகள் இருக்கின்றன. 2016-ம் ஆண்டில் மட்டும் அந்த நகரில் 750-க்கு மேற்பட்ட கொலைகள் நடந்தன. பெரும்பாலானவை துப்பாக்கியால் நடந்தவை. அதிகம் பலியானது இந்த ஏழைக் குடியிருப்புகள்தான்.

செத்தவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. அதைப் பார்த்துத் திகைத்து நின்ற பிள்ளைகளுக்கு?

சிப்பாய்க்கு வந்த நோய்

1914-ல் தொடங்கிய முதல் உலகப் போரில், உடம்பில் காயமே இல்லாத சிப்பாய்கள் பலர் நடுநடுங்கினார்கள். "கோழைகள்" என்று அவர்களை ஏசியவர்கள் உண்டு. பின்னர் வியட்நாம் போர் நடந்தது. அதிலிருந்து திரும்பியவர்களும் அவதிப்பட்டார்கள். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அது கோழைத்தனம் அல்ல, நோய் என்பது உறுதியாயிற்று.

அதே நோய் பிள்ளைகளுக்கும் வருகிறது. இரவில் தூக்கம் இல்லை. தூங்கினால் கெட்ட கனவு. யாராவது பின்னால் வந்து தொட்டால் பதறுகிறார்கள். சட்டென்று கோபம் வருகிறது. பாடத்தில் மனம் பதிவது இல்லை.

படிப்பும் பாழ்

சிகாகோவில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2010-ல் வெளியாயிற்று. வீட்டுக்கு அருகே கொலை நடந்த ஒரு வாரத்துக்குள் தேர்வு எழுதிய கறுப்பினப் பிள்ளைகள், வாசிப்பிலும் சொல்லறிவிலும் பின்தங்கினார்கள். கொலையைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்பது இல்லை. தெருவில் நடந்ததே போதும்!

இப்படிப்பட்ட பிள்ளை வகுப்பில் சீறினால் என்ன நடக்கிறது? "முரடன்" என்று பெயர் சூட்டி வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அவன் போய்ச் சேரும் இடம் எது? அதே தெரு!

மருந்து இருக்கிறது

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பள்ளிகளில் வேறு வழியைக் கையாண்டு பார்த்தார்கள். வன்முறையைக் கண்டு வாடிய 6-ம் வகுப்புப் பிள்ளைகளைச் சிறு குழுவாக உட்கார வைத்தார்கள். பயத்தை எப்படி அடக்குவது, நடந்ததை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்று 10 வகுப்புகள் நடத்தினார்கள். மூன்று மாதத்தில் நோயின் வேகம் குறைந்தது. 2003-ல் இந்த முடிவு வெளியாயிற்று.

முரட்டுத்தனம் எல்லாம் நோய் அல்ல. கொலையைப் பார்த்த பிள்ளைகள் எல்லோருக்கும் நோய் வருவதும் இல்லை. ஆனால், எது நோய் என்று விசாரிக்காமலே பிரம்பை எடுப்பது நியாயம் ஆகுமா?

துப்பாக்கியை ஒழிக்க வேண்டியது அரசின் கடமை. அதுவரை, பயந்த பிள்ளையை அணைத்துக்கொள்ள வேண்டியது பெரியவர்களின் கடமை.

"ஏன் அடித்தாய்?" என்று கேட்பதற்கு முன்னால், "என்ன பார்த்தாய்?" என்று கேட்கட்டும். பாதி மருந்து அந்தக் கேள்வியில் இருக்கிறது!