சுண்ணாம்புக்கல் வரியில் ஊருக்கும் பங்கு வேண்டும்

2025 ஏப்ரல் 4 முதல் தமிழ்நாட்டில் வெட்டியெடுக்கும் ஒவ்வொரு டன் சுண்ணாம்புக்கல்லுக்கும் 160 ரூபாய் கனிம நில வரி வசூலாகிறது. மாநிலத்தின் பெரிய சிமெண்ட் ஆலைகள் பல அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. அதனால் இந்த வரியில் கணிசமான பகுதி இங்கிருந்துதான் சென்னை கருவூலத்துக்குப் போகிறது. அதில் அரியலூர் நகராட்சிக்கும், செந்துறை, திருமானூர் ஒன்றியங்களின் ஊராட்சிகளுக்கும் நிலையான பங்கு ஒன்றைச் சட்டத்திலேயே எழுத வேண்டும். இது சலுகைக்கான மனு அல்ல. பறிபோன உரிமையைத்தான் திருப்பிக் கேட்கிறோம்.

எப்படிப் பறிபோனது? 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்கீழ், சுரங்க நிறுவனங்கள் கட்டும் ராயல்டியின் மீது உள்ளாட்சி செஸ் வசூலிக்கப்பட்டு வந்தது. இந்தியா சிமெண்ட்ஸ் தொடுத்த வழக்கில், 1989 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு அந்த செஸ் செல்லாது என்றது. ராயல்டியே ஒரு வரி, கனிமங்கள் பற்றி நாடாளுமன்றம் 1957இல் சட்டம் இயற்றிவிட்டதால் மாநிலம் அதில் கைவைக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். வேடிக்கை என்னவென்றால், ‘ராயல்டி ஒரு வரி’ என்ற அந்த வாக்கியமே எழுத்துப்பிழை என்று 2004இல் இன்னொரு அமர்வு சொன்னது. கடைசியில் 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர், ராயல்டி வரியல்ல, கனிம உரிமை மீது வரி போட மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்த்துவைத்தார்கள். தமிழ்நாட்டு ஊராட்சிகளின் செஸ்ஸைப் பறித்த 1989 தீர்ப்பு மாற 35 ஆண்டுகள் ஆயின. அதிகாரம் திரும்பியது, ஆனால் அது கோட்டையோடு நின்றுவிட்டது.

டெல்லியின் கொள்கைகள் இந்த ஊரை வடித்த கதை அதற்கும் முந்தியது. 1956 முதல் சிமெண்ட்டின் ரயில் கட்டணம் நாடு முழுவதும் சமன் செய்யப்பட்டது. ஆலைக்குப் பக்கத்தில் வாங்கினாலும் ஆயிரம் மைல் தாண்டி வாங்கினாலும் ஒரே விலை என்றால், சிமெண்ட்டை நம்பிய துணைத் தொழில் எதற்காக அரியலூரைத் தேடி வரும்? சிமெண்ட் விலை மீதான அரசுக் கட்டுப்பாடு 1982இல் பாதியும் 1989 மார்ச்சில் முழுவதும் நீங்கியது. 1991இல் உரிம முறையும் போனது. 1979இலிருந்து ஓடிக்கொண்டிருந்த அரசு சிமெண்ட் ஆலையைச் சுற்றித் தனியார் ஆலைகள் பெருகின. ஆலைகள் வந்த வேகத்தில் நகரம் வளரவில்லை. 2011 கணக்கெடுப்பில் அரியலூர் நகரின் மக்கள்தொகை 30 ஆயிரத்தைத் தொடவில்லை. மாவட்டத்தில் நகரவாசிகள் நூற்றுக்குப் பதினோரு பேர்தான். மாநில அளவில் அது 48.

2015இல் ஒன்றிய அரசு அறிவித்த ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து திருச்சியும் தஞ்சாவூரும் உட்பட 11 நகரங்கள் கடைசியில் இடம்பிடித்தன. உடன் வந்த அம்ருத் திட்டத்துக்கு ஒரு லட்சம் மக்கள்தொகை என்பது பொது அளவுகோல். இரண்டிலும் அரியலூருக்கு இடமில்லை. அந்த நகரங்களின் பாலங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிமெண்ட் தரும் ஊர், தலை எண்ணிக்கை போதாமல் வரிசைக்கு வெளியே நின்றது. அம்ருத்தின் இரண்டாம் கட்டம்தான், 2021இல், குடிநீர் அளவில் சிறு நகரங்களுக்குக் கதவைத் திறந்தது.

பணக் கணக்கைப் பாருங்கள். மூட்டை 350 ரூபாய் என்று வைத்தால் ஒரு டன் சிமெண்ட் 7,000 ரூபாய். இன்றைய 18 விழுக்காட்டில் அதற்குள் இருக்கும் ஜிஎஸ்டி மட்டும் ஆயிரத்துக்கு மேல். அது ஒன்றியத்துக்கும், சிமெண்ட் விற்பனையாகும் மாநிலத்துக்கும் போகிறது. கல் தோண்டிய ஊர் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. 2014இல் ஒன்றிய அரசு நிர்ணயித்த ராயல்டி டன் கல்லுக்கு 80 ரூபாய். மூட்டை விலை எவ்வளவு ஏறினாலும் அது தானாக ஏறாது. பழைய குத்தகைகளில் அந்த ராயல்டியின் 30 விழுக்காடு, அதாவது 24 ரூபாய், மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு வருகிறது. அதையும் எப்படிச் செலவழிப்பது என்று உத்தரவிடும் அதிகாரத்தை 2021 சட்டத் திருத்தம் டெல்லிக்குக் கொடுத்துவிட்டது.

இதே மாவட்டத்தின் ஏலாக்குறிச்சியில் வசிப்பவர் அரியலூரிலுள்ள கலெக்டர் அலுவலகத்துக்கோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போக வேண்டுமென்றால், கீழப்பழுவூர் பக்கம் லாரிகளுக்கு நடுவேதான் போக வேண்டும். சாலை தேய்வதும், தூசி படிவதும், விபத்தில் ஆள் போவதும், வெட்டி முடித்த குழிகள் அப்படியே கிடப்பதும் உள்ளூர்ச் செலவு. ஏலாக்குறிச்சியின் அடைக்கல மாதா கோயிலுக்கு நிலம் தந்தவர் அரியலூர் மழவராயர் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லும் வரலாறு. ஒரு காலத்தில் இவ்வூரின் நன்மை தீமை அரியலூரிலேயே முடிவாயிற்று. இன்று தெருவிளக்குக்குக்கூட மேலே இருப்பவர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.

மருத்துவக் கல்லூரி கிடைக்கவில்லையா என்று கேட்பார்கள். 2022 ஜனவரியில் கிடைத்தது, மகிழ்ச்சிதான். ஆனால் அதே நாளில் தமிழ்நாட்டின் 11 மாவட்டங்களில் கல்லூரி திறந்தார்கள். அது சுண்ணாம்புக்கல்லுக்கான ஈடல்ல. புதிய வரியால் சிமெண்ட் விலை ஏறுகிறது என்ற ஆலைகளின் புகாருக்கும் இங்கே வேலையில்லை. வரியைக் கூட்டச் சொல்லவில்லை, வசூலானதைப் பகிரச் சொல்கிறோம். கருங்கல், கிராவல் போன்ற சிறுகனிமங்களின் வருவாயை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கும் வழக்கம் இம்மாநிலத்தில் உண்டு. சுண்ணாம்புக்கல்லுக்கு மட்டும் ஏன் முடியாது?

மாநிலங்களின் கனிம வரி அதிகாரத்துக்கு நாடாளுமன்றம் வரம்பு விதிக்கலாம் என்று அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. அந்த வரம்பை ஒன்றிய அரசு கொண்டுவரக் கூடாது. அதே வாதத்தைத் தமிழ்நாடு அரசு தன் உள்ளாட்சிகளிடமும் கடைப்பிடிக்க வேண்டும்: 160 ரூபாயில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு சுரங்க ஊராட்சிகளுக்கும், லாரி ஓடும் சாலையோர ஊராட்சிகளுக்கும், மாவட்டத் தலைநகருக்கும் என்று வரும் சட்டமன்றக் கூட்டத்திலேயே திருத்தம் கொண்டுவர வேண்டும். அரியலூர், ஜெயங்கொண்டம் தொகுதிகளின் உறுப்பினர்கள், எக்கட்சியாயினும், இதை முதல் ஆளாக எழுந்து கேட்க வேண்டும்.