எஞ்சினுக்குக் குலத்தொழில் கிடையாது

கார் எஞ்சினில் பிஸ்டனை இறக்கும்போது அதன் ரிங்குகளை அமுக்கிப் பிடிக்க ஒரு தனிக் கருவி வேண்டும். எங்கள் கடத்தூர்ப் பக்கம் பல மெக்கானிக்குகள் அதைக் கடையில் வாங்குவதில்லை. தகரத்தை வெட்டிச் சுருட்டி, மேலே ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்கினால் கருவி தயார். வால்வு ஸ்பிரிங்கை அழுத்த, சி-கிளாம்பின் முனையில் பக்கவாட்டில் வெட்டிய குழாய்த் துண்டைப் பற்றவைக்கிறார்கள். கிளட்ச் தட்டை நடுவில் நிறுத்த, பழைய கியர்பாக்ஸிலிருந்து எடுத்த ஷாஃப்டே போதும்.

படித்தவர்கள் இதை ‘ஒப்பேத்துற வேலை’ என்கிறார்கள். நான் பொறியியல் என்கிறேன். ஸ்பிரிங் எவ்வளவு விசையோடு எதிர்க்கும், குழாயில் எவ்வளவு இடைவெளி விட்டால் வால்வு லாக்கை எடுக்கலாம் என்று கணக்குப் போடாமல் அந்தக் கருவி பிறக்காது. அந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டவர் ‘சார்’. இரும்பில் போட்டவர் ‘டேய்’. ஐம்பது வயது தலித் மெக்கானிக்கை இருபது வயதுப் பையன் பெயர் சொல்லி ஒருமையில் அழைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையே மேல்கீழாக அடுக்குகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே விளக்கியது இதைத்தான்.

2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. கருவிகள் வாங்க ரூ.15,000 வரை உதவி உண்டு. அதிலுள்ள 18 தொழில்களில் சுத்தியலும் கருவிகளும் செய்வதும் ஒன்று. கார் மெக்கானிக் வேலை இல்லை. ஏனென்றால், அது கேட்பது குடும்பவழிப் பாரம்பரியத் தொழில். எஞ்சின் மநு காலத்தில் இல்லை. அதனால் அதற்குக் குலமும் ஒதுக்கப்படவில்லை. அப்பன் தொழிலை விட்டு வெளியேற நினைத்த சேரிப் பிள்ளைகளுக்கு ஒர்க்‌ஷாப் ஒரு வாசலாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். வெளியேறியவனுக்கு உதவி இல்லை, அங்கேயே இருப்பவனுக்குத்தான் உதவி என்றால் அதன் பெயர் என்ன? 1953-இல் ராஜாஜி கொண்டுவந்ததைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்த மண் இது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு விஸ்வகர்மா திட்டத்தை அப்படியே ஏற்க மறுத்தது சரியான முடிவு.

ஆனால் மறுத்ததோடு கணக்கு முடியவில்லை. கைக்கருவி செய்யும் திறமையைக் கொண்டாடிவிட்டு நகர்வதும் ஏமாற்றுதான். ஜாக்கி ஸ்டாண்டு இல்லாமல் செங்கல் அடுக்கிக் காருக்கு அடியில் படுப்பது திறமை அல்ல, வறுமை. செங்கல் நொறுங்கினால் போவது உயிர். தகரத்தில் ரிங் கம்ப்ரஸர் செய்யலாம். பாதுகாப்பைத் தகரத்தில் செய்ய முடியாது. ஷெட் போட இடமும் முன்பணமும் இல்லாதவர், எவ்வளவு கற்றாலும் இன்னொருவர் பட்டறையில் கூலியாகவே நிற்கிறார்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. பட்டறையில் கற்றவரின் திறனைச் சோதித்துச் சான்றிதழ் தர வேண்டும். அந்தச் சான்றிதழை வங்கியும் தாட்கோவும் கடனுக்கு ஏற்க வேண்டும். அரசு ஐ.டி.ஐ.களில் விலை உயர்ந்த கருவிகளைச் சிறு மெக்கானிக்குகள் வாடகைக்கு எடுக்க வழி வேண்டும். பேரூராட்சிக் கடைகளை ஒதுக்கும்போது தலித் மெக்கானிக்குகளுக்கும் பங்கு வேண்டும்.

தோழர்களே, அரசிடம் கேட்பதற்கு முன் நாம் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. வண்டியை விடப் போகும்போது ‘வாங்க, போங்க’ என்று பேசுங்கள். அதற்கு எந்தத் திட்டமும் தேவையில்லை.