பகல்ல முழிக்கிற லைட்டு, சிக்னல்ல தூங்குற இன்ஜின்!

ஒரு நிமிஷம் கற்பனை பண்ணிப் பாருங்க பாஸ். சித்திரை மாசம், மத்தியானம் பன்னிரண்டு மணி, தார் ரோடு உருகுது. எதிர்ல ஒரு கார் ரெண்டு ஹெட்லைட்டையும் எரியவிட்டுக்கிட்டு வருது. என்ன பண்ணுவீங்க? கையைத் தூக்கி, விரலை விரிச்சு மூடி 'லைட்டு... லைட்டு...'னு சைகை காட்டுவீங்க. நம்ம தேசியப் பழக்கமாச்சே! (2017 ஏப்ரல்ல இருந்து தயாராகுற பைக்குகள்ல ஹெட்லைட்டை அணைக்க சுவிட்சே கிடையாது. இன்ஜின் ஓடினா லைட்டும் எரியணும்னு சட்டம். ஆனாலும் கை காட்டுறதை மட்டும் யாரும் விடல.)

அந்தக் கார் எங்க சித்தப்பாவோடது. அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷன் வாசல்ல நிக்கிற வாடகை வண்டி. துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் வேலைக்கு வர்றவங்கதான் சவாரி. போன வருஷம் செகண்ட்ஹேண்ட்ல, டியூ போட்டு வாங்கினார். ஆட்டோ ஹெட்லைட், சிக்னல்ல தானா ஆஃப் ஆகி தானா ஸ்டார்ட் ஆகுற வசதி எல்லாம் இருக்கு. வாங்கின புதுசுல 'என் வண்டிக்கு மூளை இருக்குடா'னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சார்.

மூணே மாசத்துல மூளை குழம்பிடுச்சு. பகல்ல லைட்டு அணையவே மாட்டேங்குது. சிக்னல்ல இன்ஜின் பாதி நாள் நிக்கவே நிக்காது. திடீர்னு ஒரு சாயங்காலம் ரயில்வே கேட்டுக்கு முன்னாடி நின்னுச்சு, கேட் திறந்தப்போ செல்ஃப் எடுக்கல. 'கட கட'னு சத்தம் மட்டும். பின்னாடி கன்டெய்னர் லாரிங்க வரிசையா ஹாரன் அடிக்க, உள்ள இருந்த சவாரி இறங்கித் தள்ள... சித்தப்பா அன்னிக்கு ராத்திரி சாப்பிடல.

மறுநாள் ஒரு சர்வீஸ் சென்டர்ல கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துட்டு, 'லைட் சென்சார் போச்சு, கன்ட்ரோல் மாட்யூலும் மாத்தணும், 22,000 ஆகும்'னு எழுதிக் கொடுத்துட்டாங்க. ரெண்டு மாச டியூ அது! "டேய் தம்பி, இன்ஜினீயரிங் தானே படிக்கிற, வந்து பாரு"னு போன் வந்துச்சு. நான் படிக்கிறது எலக்ட்ரிக்கல் மூணாவது வருஷம். கார் பானட்டைத் திறந்ததே கிடையாது. இதை அவர்கிட்ட சொல்லல.

ஆனா லேப்ல ஒண்ணு சொல்லிக் கொடுத்திருக்காங்க. எதையும் மாத்துறதுக்கு முன்னாடி எது வேலை செய்யுதுனு பாரு. அதையே செஞ்சேன். நீங்களும் உங்க வீட்டுக் கார்ல இன்னிக்கே செஞ்சு பாக்கலாம். முதல்ல சுவிட்சை ஆட்டோல இருந்து எடுத்து, கையால லைட்டைப் போட்டு அணைச்சேன். ரெண்டும் ஒழுங்கா நடந்துச்சு. அப்போ பல்பு, ஃபியூஸ், சுவிட்ச் எல்லாம் ஓகே. சுத்தி இருக்கிறது வெளிச்சமா இருட்டானு கண்டுபிடிக்கிற 'கண்ணு'ல தான் விவகாரம்.

அந்தக் கண்ணு எங்க இருக்கும்? சில கார்ல முன் கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டு மேலயே சின்னக் கறுப்புக் குமிழ் மாதிரி இருக்கும். சில கார்ல ரியர்வியூ மிரருக்குப் பின்னாடி கண்ணாடியோட ஒட்டியிருக்கும். (குமிழ் ரெண்டு இருந்தா குழம்பாதீங்க, இன்னொண்ணு ஏசிக்காக வெயிலை அளக்குறது.) உள்ளே இருக்கிறது நாம செகண்ட் இயர்ல மக்கப் பண்ணின அதே போட்டோ டையோடு தான். வெளிச்சம் பட்டா கரன்ட், படலைன்னா இல்ல. இது ஒண்ணும் நேத்து வந்த ஐடியா கிடையாது. எதிர்ல வண்டி வந்தா தானா டிம் அடிக்கிற 'ஆட்ரானிக் ஐ'யை 1952-லயே அமெரிக்காவுல காடிலாக், ஓல்ட்ஸ்மொபைல் கார்கள்ல டேஷ்போர்டு மேல மாட்டி வித்திருக்காங்க.

சித்தப்பா வண்டியில குமிழைத் தேடினா காணோம். டேஷ்போர்டு முழுக்க மெத்து மெத்துனு ஒரு துணி விரிச்சிருந்தார். வெயில்ல பிளாஸ்டிக் வெடிக்கக் கூடாதாம். அதுக்கு மேல பிள்ளையார், பிள்ளையாருக்குப் பக்கத்துல பிளாஸ்டிக் பூ. துணியைத் தூக்கினா, பிள்ளையாருக்கு நேர் கீழே சென்சார்! வண்டியைப் பொறுத்தவரை மூணு மாசமா விடியவே இல்ல!

துணியை எடுத்தாச்சு. லைட்டு அணையல. எனக்கு வயித்தைக் கலக்குச்சு. சித்தப்பா முகத்துல 22,000 தெரியுது. அப்புறம்தான் கண்ணாடியைப் பார்த்தேன். எங்க ஏரியா பத்தித் தெரியாதவங்களுக்கு: பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017-ல மூடிட்டாங்க, ஆனா அத்திப்பட்டுல வடசென்னை அனல்மின் நிலையம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. கொடியில காயப் போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலம் என்ன கலர்ல திரும்பி வரும்னு எங்க அம்மாவைக் கேளுங்க. வைப்பர் எட்டாத கண்ணாடியோட அடி ஓரத்துல நிலக்கரித் தூசியும் சாம்பலும் அப்பிக் கிடந்துச்சு. சென்சார் எட்டிப் பாக்குறதே அந்த ஓரம் வழியாத்தான்! தண்ணி ஊத்திக் கழுவினோம். காய்ஞ்ச துணியால தேய்க்காதீங்க. சாம்பல்ல பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும், கண்ணாடியில கீறல் விழும்.

அப்புறம் டெஸ்ட். வெளிச்சத்துல வண்டியை நிறுத்தி, ஆட்டோல வெச்சு, சென்சாரைக் கையால மூடினேன். சில செகண்ட்ல லைட்டு எரிஞ்சுது. கையை எடுத்தேன். உடனே அணையல. சித்தப்பா "பாத்தியா!"னு ஆரம்பிக்கும்போது அணைஞ்சுது. அந்தத் தாமதம் கோளாறு இல்ல, வேணும்னே வெச்சது. இல்லைன்னா ஒவ்வொரு மர நிழல்லயும் பாலத்துக்கு அடியிலயும் லைட்டு டிஸ்கோ ஆடும். இந்த டெஸ்ட் பாஸ் ஆனா சென்சார், ஒயர், மாட்யூல் மூணுமே நல்லா இருக்குனு அர்த்தம். அதாவது 22,000 ரூபாய் லிஸ்ட்ல இருந்த ரெண்டு பொருளும்!

சரி, இன்ஜின் மேட்டர். இங்கதான் நான் ரொம்ப நேரம் முழிச்சேன்.

ஸ்டார்ட்-ஸ்டாப் ஒரு பயந்த சுபாவம் உள்ள சிஸ்டம். இன்ஜினை நிறுத்தினா திரும்ப எடுக்க முடியுமானு சந்தேகம் வந்தா நிறுத்தவே நிறுத்தாது. பேட்டரியில சார்ஜ் குறைவு, இன்ஜின் இன்னும் சூடாகல, உள்ளே ஏசி திணறுது, டிரைவர் பெல்ட் போடல, கதவோ பானட்டோ திறந்திருக்கு... இதுல எது இருந்தாலும் 'இப்ப வேணாம்'னு ஓடிக்கிட்டே இருக்கும். சென்னை மே மாச வெயில்ல ஏசியைப் போட்டுட்டு 'நிக்க மாட்டேங்குதே'னு புகார் சொன்னா, தப்பு வண்டி மேல இல்ல.

ஆனா சித்தப்பா வண்டி நின்னுட்டு எடுக்கலையே? பயந்த சுபாவம் உள்ளது எப்படி ஏமாந்துச்சு?

பேட்டரியோட நெகட்டிவ் முனையில ஒரு சின்ன டப்பா மாட்டியிருக்கும். அதான் பேட்டரி சென்சார். உள்ளே போற கரன்ட், வெளியே வர்ற கரன்ட் எல்லாத்தையும் பேங்க் பாஸ்புக் மாதிரி கணக்கு வெச்சுக்கும். சித்தப்பா ராத்திரி சவாரிக்காக ரெண்டு ஃபாக் லேம்ப் வாங்கி, ரோட்டோரமா மாட்டியிருந்தார். மாட்டினவர் அதோட எர்த் ஒயரை நேரா பேட்டரி முனையிலயே முடுக்கிட்டார். அந்தக் கரன்ட் சென்சார் வழியா போகவே இல்ல. பாஸ்புக்ல என்ட்ரி போடாம ஏடிஎம்ல பணம் எடுக்குற மாதிரி! வண்டி 'கையில காசு இருக்கு'னு நம்பி இன்ஜினை நிறுத்துச்சு. இல்லைனு கேட்ல தெரிஞ்சுது.

இதுக்கு மேல பகல் முழுக்க எரிஞ்ச ஹெட்லைட். ஹாலஜன் பல்பு ஒண்ணு 55 வாட், ரெண்டும் சேர்த்து 110. டெயில் லேம்ப் எல்லாம் கூட்டினா 12 வோல்ட்ல சுமார் 10 ஆம்பியர். இன்ஜின் நின்னிருக்கும்போது அவ்வளவும் பேட்டரி தலையில. நான் ரெண்டு வியாதினு நினைச்சது பாதிக்கு மேல ஒரே வியாதி.

ராத்திரி முழுக்க நிறுத்தி வெச்சுட்டுக் காலையில மல்டிமீட்டரை வெச்சேன். நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டணும். 12.2 காட்டினா பாதி காலி. எங்களுக்கு வந்தது 12.1. (இன்ஜின் ஓடும்போது அளந்துட்டு 'ஆல்டர்னேட்டர் போச்சு'னு முடிவு கட்டாதீங்க. இந்த மாதிரி வண்டிகள்ல பெட்ரோலை மிச்சப்படுத்த சார்ஜிங் வோல்டேஜை வண்டியே ஏத்தி இறக்கும்.) மீஞ்சூர்ல பேட்டரிக் கடை அண்ணன்கிட்ட லோடு டெஸ்ட்டுக்குக் கொண்டு போனோம். அவர் ஸ்டிக்கரைப் பார்த்ததுமே சிரிச்சார். "தம்பி, இது சாதா பேட்டரி. இந்த வண்டிக்கு இ.எஃப்.பி. போடணும். பழைய ஓனர் காசு மிச்சம் பண்ணியிருக்கான்."

விஷயம் இதுதான். சாதா பேட்டரி காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்றதுக்குச் செஞ்சது. ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டி ஒரே நாள்ல அம்பது தடவை கூட கேக்கும். அதுக்காகவே தகட்டைப் பலப்படுத்தின இ.எஃப்.பி., இல்லைன்னா ஏ.ஜி.எம். ரக பேட்டரி. செகண்ட்ஹேண்ட்ல வாங்குறப்போ டயரைப் பாக்குறோம், பெயின்ட்டைப் பாக்குறோம், இந்த ஸ்டிக்கரை யாரு பாக்குறா? எங்க பக்கம் வாங்குறதா இருந்தா தரை கார்ப்பெட்டையும் தூக்கிப் பாருங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல தண்ணியில நின்ன வண்டின்னா கனெக்டர்ல பச்சை பூத்திருக்கும். அதை எந்த பேட்டரியும் சரி பண்ணாது.

கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில. கடல் காத்துல உப்பு பூத்த கிளாம்பை ஆப்ப சோடா கரைச்ச வெந்நீர்ல கழுவித் துடைச்சோம். ஃபாக் லேம்ப் எர்த்தை பாடி போல்ட்டுக்கு மாத்தினோம். புது இ.எஃப்.பி. பேட்டரி மாட்டி ஸ்டார்ட் பண்ணி, தெரு முனை வரை ஓட்டினா... இன்ஜின் நிக்கல! எனக்கு அழுகையே வந்துடுச்சு. கடைக்கார அண்ணன் அலட்டிக்கவே இல்ல. "பூட்டிட்டுப் போய்ச் சாப்பிடுங்க"ன்னார். பேட்டரியைக் கழட்டினா சென்சாரோட பாஸ்புக் அழிஞ்சுடும். சும்மா நிக்கவிட்டாத்தான் திரும்பக் கணக்கு எழுதும். சில மாடல்களுக்கு சுமார் 4 மணி நேரம்னு புத்தகத்துலயே போட்டிருக்கு. சில வண்டிகளுக்குப் புது பேட்டரியை ஸ்கேனர்ல பதியவும் வேணும். எங்களுக்கு மத்தியானத் தூக்கமே போதுமா இருந்துச்சு.

இப்போ பிள்ளையார் குமிழைத் தாண்டி இடது ஓரத்துல, துணி இல்லாம உக்காந்திருக்கார். பேட்டரிக்கு ஆன செலவு அந்த 22,000-ல பாதி கூட இல்ல. ஆனா கேட்ல தள்ளினதை சித்தப்பா மறக்கல. காலையில சாவியைத் திருப்பினதும் முதல் வேலையா, வட்ட அம்புக்குள்ள 'ஏ' போட்ட பட்டனை அமுக்கி ஸ்டார்ட்-ஸ்டாப்பை ஆஃப் பண்ணிடுறார். வண்டியை அணைச்சுத் திரும்பப் போட்டா அது தானா ஆன் ஆகிடும், மறுபடி அமுக்குறார். நிரந்தரமா ஆஃப் பண்ண வழி இருக்கானு நேத்து கூட போன் பண்ணினார்.