வாத்தியார் வேலையை யார் விட முடியும்?

தமிழச்சி தங்கபாண்டியன் பேச்செடுத்தா ரெண்டே கோஷ்டி. ஒண்ணு "வாரிசு"ங்கும், இன்னொண்ணு "பேராசிரியை, கவிஞர், தகுதியால வந்தவர்"ங்கும். ரெண்டும் ஜல்லி மக்கா.

ராணி மேரிக் கல்லூரியில ஆங்கிலம் நடத்தினவர், அந்த வேலையை விட்டுட்டு தி.மு.க.வுக்கு வந்தார். 'எஞ்சோட்டுப் பெண்', 'வனப்பேச்சி'ன்னு எங்க கரிசல் மணக்க எழுதினவர். தென்சென்னையில 2019ல ஜெயிச்சார், 2024ல தமிழிசையைத் தோற்கடிச்சு மறுபடியும். தகுதி இல்லேன்னு எவன் சொன்னது?

ஆனா அப்பா தங்கபாண்டியன் அமைச்சரா இருந்தவர். தம்பி தங்கம் தென்னரசு திருச்சுழியில 2011, 2016, 2021னு மூணு தடவை ஜெயிச்சவர்.

இதே திருச்சுழியில ஒரு அரசுப் பள்ளி வாத்தியார் தேர்தல்ல நிக்கணும்னா? நடத்தை விதிப்படி கட்சியில சேரவே கூடாது. ராஜினாமா பண்ணிட்டுத்தான் வேட்புமனு. தோத்தா சம்பளம் போச்சு. வானம் பார்த்த பூமியில மிளகா போட்டு வீட்டுக்கடன் கட்டுவாரா? மல்லாங்கிணறு வீட்டுப் பொண்ணுக்கு அந்த பயம் பாதியாவது குறையும். வாரிசுங்களுக்கு நிஜமான சொத்து அதுதான், சீட்டெல்லாம் அப்புறம்.

கட்சிகளுக்கு தைரியம் இருந்தா நரிக்குடிப் பக்கம் பின்புலமே இல்லாத ஒரு வாத்தியாரை நிறுத்தட்டும். தோத்தா அஞ்சு வருஷ சம்பளத்துக்கு கட்சியே பொறுப்புன்னு எழுதியும் குடுக்கட்டும். (ஆட்டோ அனுப்பிடாதீங்கப்பா!)