ஒன்பது பேருக்கு ஒரு டேபிள்: சின்னமனூர் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்

"எத்தனை பேர் சார்?"

"ஒன்பது."

நோட்டும் பேனாவுமா வாசல்ல நின்ன தம்பியோட முகம் அந்த நொடியே மாறிடுச்சு. பேரை எழுதிக்கிட்டு, "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க சார், கூப்பிடுறோம்"னு சொன்னார். மணி 1.10. நாங்க இலை முன்னாடி உட்கார்ந்தப்போ மணி 2.35.

மே மாசம், ஞாயிற்றுக்கிழமை. மேகமலை போய்ட்டு இறங்கி, சின்னமனூர் தாண்டி ரோட்டோரமா இருக்குற ஒரு 'கிராமத்து' ஹோட்டல்ல வண்டியை நிறுத்தினோம். பேர் வேணாம், ஏன்னா இது அந்த ஒரு ஹோட்டலோட கதை இல்ல. ஓலைக் கூரை, காவியும் வெள்ளையும் பட்டை அடிச்ச சுவர், வாசல்ல மாடு இல்லாத மாட்டு வண்டி, லாந்தர் விளக்கு, கயித்துக் கட்டில், ஓரமா ஒரு ஆட்டுக்கல். இந்த செட்டப்பை நீங்களும் எங்கயாச்சும் பார்த்திருப்பீங்க. பார்க்கிங்ல சென்னை, கோவை வண்டிகளோட கேரளா நம்பர் பிளேட்டும் நிறைய.

உள்ளே இருக்குறது கிராமம்னா, காம்பவுண்டு சுவருக்கு அங்கிட்டு என்ன? வாழைத் தோட்டம். அதுக்கு அங்கிட்டு வயல். நிஜமான கிராமத்துக்கு நடுவுல கிராம செட் போட்டு, அதுக்குள்ள நுழைய ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். இதைச் சொல்லி சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா அன்னைக்கு நடந்த ஒரு விஷயத்தால எனக்கு இதைக் கொஞ்சம் சீரியஸா யோசிக்க வேண்டியதாப் போச்சு.

முதல்ல ஒண்ணு. இவ்ளோ கூட்டம் ஏன் இங்க?

சின்னமனூர், தேனியிலிருந்து குமுளி போற 183-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையில இருக்கு. மேகமலைக்கு ஏறுற ரோடு இங்கிருந்துதான் பிரியுது. பக்கத்துலயே குச்சனூர் சனீஸ்வரர் கோயில். அப்படியே தெற்கே போனா கம்பம், சுருளி அருவி, குமுளி, தேக்கடி. அதனால இந்த ரோட்டுக்கு ஒரு சீசன் இல்ல, நாலு சீசன். சித்திரையில வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா, அதோட சேர்ந்தே கோடை லீவு. ஆடி மாசச் சனிக்கிழமைகள்ல குச்சனூர். கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் சபரிமலை சாமிமார்கள். நடுவுல தீபாவளி, பொங்கல் தொடர் விடுமுறை.

இதுக்கு மேல புதுசா ரெண்டு விஷயம் சேர்ந்திருக்கு. 2023 ஜூன்ல போடிநாயக்கனூர் வரைக்கும் அகல ரயில் பாதையில ரயில் ஓட ஆரம்பிச்சது. சென்னையில இருந்து நேரா போடிக்கே ரயில் வந்துடுச்சு. இன்னொண்ணு இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் கடைசி வரைக்கும் எண்ணிக்கையும் வச்சாங்க. ஊட்டிக்கு வார நாள்ல 6,000 வண்டி, வாரக் கடைசியில 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. பாஸ் கிடைக்காத குடும்பம் லீவை கேன்சல் பண்ணாது, வேற மலையைத் தேடும். என் ஆபீஸ் நண்பர்கள்ல ரெண்டு பேர் மேகமலைங்கிற பேரையே இந்த இ-பாஸுக்கு அப்புறம்தான் கேட்டாங்க. எல்லா கூட்டத்துக்கும் இதுதான் காரணம்னு சொல்ல வரல. ஆனா இதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன்.

மேகமலையில இன்னொரு சிக்கல். அது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகப் பகுதி (2021-ல அறிவிச்சாங்க). அந்த மலையில ராத்திரி சுத்த முடியாது, பொழுது சாயுறதுக்குள்ள இறங்கிடணும். மேல சாப்பாட்டுக் கடைகளும் ரொம்பக் கம்மி. அதனால விடிகாலையில ஏறினவங்க எல்லாரும் பசியோட கிட்டத்தட்ட ஒரே நேரத்துல இறங்குறாங்க. அந்த நேரம் மதியம் ஒண்ணு. ஹோட்டல்காரங்க கையில இல்லாத விஷயம் இது.

நமக்கு அப்புறம் வந்தவன் எப்படி உள்ள போனான்?

அரை மணி நேரம் ஆச்சு. எங்களுக்கு அப்புறம் வந்த ஒரு ஜோடி உள்ள போச்சு. அப்புறம் ஒரு அப்பா, அம்மா, குழந்தை. சித்தப்பா எழுந்துட்டார். "தம்பி, என்ன நடக்குது இங்க? தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் சோறா?" அந்தத் தம்பி பாவம், "அவங்க ரெண்டு பேர் சார்"னு மட்டும் சொன்னார். அந்த பதில் சித்தப்பாவுக்குப் புரியல, சத்தியமா எனக்கும் அப்போ புரியல.

வீட்டுக்கு வந்து ஒரு பேப்பர்ல கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு ஹோட்டல்ல நாலு பேர் உட்காருற டேபிள் 20 இருக்குன்னு வச்சுக்கோங்க. ஒரு குடும்பம் சாப்பிட்டு எழுந்திருக்க 50 நிமிஷம். அப்போ சராசரியா ரெண்டரை நிமிஷத்துக்கு ஒரு டேபிள் காலியாகும். முன்னாடி 12 குடும்பம் இருந்தா அரை மணி நேரத்துல நம்ம முறை வந்துடணும். (வரிசையில எத்தனை பேர் நிக்கிறாங்க, எவ்ளோ வேகமா வர்றாங்க, எவ்ளோ நேரம் காத்திருக்காங்கங்கிற மூணையும் இணைக்கிற சூத்திரத்தை அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-ல நிரூபிச்சார். பேங்க், ஆஸ்பத்திரி, டோல்கேட் எல்லாத்துக்கும் அதே கணக்குதான்.)

ஆனா ஒன்பது பேருக்கு ஒரு டேபிள் காலியானா பத்தாது. பக்கத்து பக்கத்துல ரெண்டு டேபிள் ஒரே சமயத்துல காலியாகணும், கூட ஒரு நாற்காலி போடணும். ஒண்ணு காலியாகி, பக்கத்து டேபிள்ல அப்போதான் மீன் வறுவல் வருதுன்னா? காலியான டேபிளை எங்களுக்காக இருபது நிமிஷம் சும்மா போட்டு வைக்கணும். பின்னாடி பசியோட நிக்கிற ரெண்டு பேரை அதுல உட்கார வச்சுடுறதுதான் அவங்களுக்கு லாபம். அந்த ரெண்டு பேருக்கும் நியாயம். எங்களுக்குத்தான் அநியாயம் மாதிரி தெரிஞ்சது. அந்தத் தம்பி யாரையும் ஏமாத்தல. ஆனா வாசல்லயே, "ஒன்பது பேர் ஒண்ணா உட்காரணும்னா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், நாலும் அஞ்சுமா பிரிஞ்சா அரை மணி நேரம்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாததுதான் என் கோபம்.

நம்ம ஊர் மெஸ்ல இந்தப் பிரச்னையே கிடையாது. அங்க நோட்டும் இல்ல, பேரும் இல்ல. சாப்பிடுறவர் நாற்காலிக்குப் பின்னாடி போய் நின்னுடணும். அவர் ரசத்துக்கு வந்துட்டாரா, மோருக்கு வந்துட்டாரான்னு பார்த்தே நம்ம நேரத்தைக் கணிச்சிடலாம். ரெண்டாவது தடவை சோறு கேட்டார்னா நம்ம கணக்கு போச்சு. அநாகரிகமாத் தெரியலாம், சாப்பிடுறவருக்குக் கூச்சமாவும் இருக்கும். ஆனா எவ்ளோ நேரம் ஆகும்னு நம்ம கண்ணாலயே பார்க்குறோம்ல? காத்திருக்குறதோட மனநிலையைப் பத்தி டேவிட் மைஸ்டர்ங்கிறவர் 1985-ல எழுதின கட்டுரை இன்னைக்கும் பேசப்படுது. எவ்ளோ நேரம்னு தெரியாம காத்திருக்குறதும், சும்மா உட்கார்ந்து காத்திருக்குறதும்தான் ரொம்ப நீளமாத் தெரியும்ங்கிறது அதோட சாரம்.

தீம் ஹோட்டல்காரங்க அதுல ரெண்டாவது பாதியை மட்டும் நல்லா பிடிச்சுக்கிட்டாங்க. மாட்டு வண்டி எதுக்கு? போட்டோ எடுக்க. ஊஞ்சல் எதுக்கு? குழந்தை அழாம இருக்க. பக்கத்துலயே பருத்திப்பால், முறுக்கு, கடலை மிட்டாய் கடை எதுக்குன்னு சொல்லவே வேணாம். காத்திருக்குற ஒன்றரை மணி நேரத்துல நாங்க 340 ரூபாய் செலவு பண்ணியிருந்தோம், இலை போடுறதுக்கு முன்னாடியே.

இது நம்ம ஆளுங்க கண்டுபிடிச்சதும் இல்ல. அகமதாபாத்ல 'விஷாலா'ங்கிற கிராமத்து ஹோட்டலை சுரேந்திர படேல் 1978-லயே ஆரம்பிச்சார். பக்கத்துலயே பழைய பாத்திரங்களுக்குன்னு ஒரு அருங்காட்சியகமும் வச்சார். ஜெய்ப்பூர் பக்கம் 'சோக்கி தானி' 1989-ல வந்துச்சு. அமெரிக்காவுல 1994-ல தொடங்கின 'ரெயின்ஃபாரஸ்ட் கஃபே'ல சாப்பிடும்போதே அவ்வப்போது செயற்கையா இடி இடிக்கும். ஆனா அதெல்லாம் கிராமத்தையோ காட்டையோ விட்டு வந்த நகரத்து ஆளுங்களுக்கு. எங்க வண்டியில இருந்த ஒன்பது பேர்ல ஒருத்தர், இந்தக் கிராமத்துல வாழ்ந்தே தீர்த்தவர்.

அப்பத்தாவுக்கு வயசு 78. வந்த உடனே அந்த ஆட்டுக்கல்லைப் பார்த்துச்சு. "இந்தக் கழுதையைத் தூக்கிப் போட்டுட்டு கிரைண்டர் வாங்குறதுக்கு உங்க தாத்தாகிட்ட ரெண்டு வருசம் மல்லுக்கு நின்னேன். இதுகிட்ட நின்னு போட்டோ எடுக்குறீகளே"ன்னு சிரிச்சுச்சு.

அப்பத்தாவுக்கு சுகர் இருக்கு. 1.45-க்கு அந்தத் தம்பி வந்து, "அடுத்து நீங்கதான்"னார். அம்மா உடனே சாப்பாட்டுக்கு முன்னாடி போடுற மாத்திரையைக் கொடுத்துட்டாங்க. அடுத்து நாங்கதான், ஆனா அந்த 'அடுத்து' அரை மணி நேரம் தாண்டியும் வரல. 2.20 வாக்குல அப்பத்தா பேச்சு குறைஞ்சது. "என்னமோ படபடன்னு வருதுய்யா"ன்னுச்சு. நெத்தியில, கழுத்துல வேர்வை. கை நடுங்குது. வெயில்னு நினைச்சு நாங்க விசிறிக்கிட்டு இருந்தோம். நர்சிங் படிக்கிற தங்கச்சிதான், "சுகர் இறங்குதுப்பா!"ன்னு கத்தினா.

ரோட்டுக்கு எதிர்ல ஒரு திராட்சைக் கடை. நான் ஓடிப் போய் சர்க்கரை போட்ட ஜூஸ் வாங்கிட்டு வந்தேன். கம்பம் பள்ளத்தாக்குல வருஷம் முழுக்க விளையுற பன்னீர் திராட்சை. 2023-ல புவிசார் குறியீடு வாங்கின அதே திராட்சை. அதையெல்லாம் யோசிக்கிற நிலைமையில அப்போ யாரும் இல்ல. குடிச்சு கால் மணி நேரத்துல அப்பத்தா முகம் தெளிஞ்சது. அப்பா அதுவரைக்கும், "குடும்பமா வந்துட்டு பிரிஞ்சு உட்காரவா?"ன்னு பிடிவாதமா இருந்தவர். அவரே உள்ள போய், "எங்கயாவது உட்கார வைங்க, அஞ்சு பேர் ஒரு பக்கம், நாலு பேர் ஒரு பக்கம்"னார். உடனே இடம் கிடைச்சது. அதாவது, முதல்லயே கிடைச்சிருக்கும்.

சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்குறவங்க வீட்டுல இருந்தா ஒண்ணே ஒண்ணு: டேபிள்ல உட்கார்ந்து, சாப்பாடு வர்றது உறுதியான அப்புறம் கொடுங்க. எப்போ கொடுக்கணும்னு டூர் கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க. பையில குளுக்கோஸோ, கொஞ்சம் சர்க்கரையோ இருக்கட்டும். வேர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுல தடுமாற்றம் தெரிஞ்சா உடனே இனிப்பா ஏதாவது குடிக்க வைக்கணும். மயக்கமா இருந்தா வாயில எதுவும் ஊத்தாம ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும்.

சரி, டேபிள் எப்படித்தான் பிடிக்கிறது?

சிட்டியில டேபிள் புக் பண்ண ஆப் இருக்கு. இந்த ரோட்டுல என் போன்ல தேடினப்போ ஒண்ணும் உதவல. ஆனா மேப்ல கடையோட போன் நம்பர் இருக்கும். மலை இறங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கூப்பிட்டு, "ஒன்பது பேர், ரெண்டா பிரிஞ்சும் உட்காருவோம், ஒரு பெரியவங்க இருக்காங்க"ன்னு சொல்லிடலாம். எல்லாரும் எடுப்பாங்கன்னு உத்தரவாதம் இல்ல. எடுத்தா பாதி வேலை முடிஞ்சது. பெரியவங்க, கைக்குழந்தை இருக்குன்னா வாசல்லயே வாயைத் திறந்து சொல்லுங்க. நாங்க கௌரவம் பார்த்து சொல்லாம விட்டோம். பன்னெண்டு மணிக்கு முன்னாடி போங்க, இல்லைன்னா இட்லியைக் கட்டிட்டுப் போய் பதினொன்றரைக்கு சாப்பிட்டுட்டு, மூணு மணிக்குப் போங்க. ஆனா மூணு மணிக்கு நாட்டுக்கோழி இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க.

பில் வந்தா ஒரு தடவை படிங்க. ஓட்டல்கள் சர்வீஸ் சார்ஜைத் தானாவே பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில வழிகாட்டுதல் கொடுத்துச்சு. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28-ல அதை உறுதி செஞ்சது. கேட்டு எடுக்க வைக்கலாம். எடுக்கலைன்னா 1915-க்கு கூப்பிடலாம். எங்க பில்லுல அது இல்ல, அதையும் சொல்லிடணும்.

சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னு கேட்கலையே? நல்லாத்தான் இருந்துச்சு. மண்சட்டி மீன் குழம்பு பிரமாதம். பரிமாறினவர் வட மாநிலத்துப் பையன், வேட்டி கட்டிவிட்டிருந்தாங்க. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மடிச்சுக் கட்டிக்கிட்டே, "அம்மா, ரசம்?"னு அப்பத்தாவை மட்டும் தனியா கவனிச்சார். நடந்தது அவருக்குத் தெரிஞ்சிருக்கு. கிளம்பும்போது அப்பத்தா, சுருக்குப் பையிலிருந்து இருபது ரூபாய் எடுத்து அவர் கையில வச்சுச்சு. வாசல்ல நோட்டு வச்சிருந்த தம்பியைப் பார்த்து, "நீயி சாப்பிட்டியாய்யா?"ன்னு கேட்டுச்சு. மணி 3.20. இல்லைன்னு தலையாட்டினார்.

ஆடியில ஒரு சனிக்கிழமை குச்சனூர் போறோம். புளிச்சாதமும் துவையலும் கட்டிட்டு வர்றேன்னு அப்பத்தா இப்பவே சொல்லிடுச்சு. சுரபி ஆத்தங்கரையில உட்கார்ந்து சாப்பிடுறதா பிளான். தங்கச்சி மட்டும், வர்ற வழியில அந்த மாட்டு வண்டிகிட்ட இன்னொரு போட்டோ எடுக்கணும்ங்கிறா. முதல் போட்டோவுல கண்ணை மூடிட்டாளாம்.